கவர்னரம்மா வீட்டுக்காரர்

தம்பி, அந்தக் கதவுக்கு மேல சிவப்பு லைட்டு எரியுது பாருங்க, அது எரிஞ்சா நல்லதா, அணைஞ்சா நல்லதா? உள்ள ஆபரேஷன் நடக்குதுன்னு அர்த்தமா? சரி சரி. நடக்கட்டும். உங்க அம்மாவுக்கா? முந்தியே ஒரு கண்ணு பண்ணியாச்சா? அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். பயப்பட ஒண்ணுமில்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னன்னா, அப்படிச் சொல்றவங்களைப் பார்த்தாலே பயம்.

உள்ள இருக்கறது என் சம்சாரம். கண்புரைதான். ஆனா அவளுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. இடது கண்ணு கல்லடி பட்டு, வருஷா வருஷம் மங்கி, போயே போச்சு. இப்பக் கத்தி வைக்கறது மிச்சமிருக்கற கண்ணுல. அதான் அந்த லைட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

பார்த்த மாதிரி இருக்கா? இருக்கும், இருக்கும். மெதுவாப் பேசுங்க. ஆமா, அவதான். பூரணவல்லி. கவர்னரா இருந்தாங்கள்ல, அவங்கதான். சாதாரணமாத்தான் வந்தோம், அவளுக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் ஆகாது. ஒரு போலீஸ்காரர் வந்தாரு, கீழ காப்பி குடிக்கப் போயிருக்காரு. போய் ரொம்ப நேரமாச்சு. என் பேரு மாசிலாமணி. என்னை யாருக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதும் ஒரு பாதுகாப்புதான். நீங்க எந்தக் கட்சி? வேண்டாம் வேண்டாம், சொல்லாதீங்க. நானும் எங்க கட்சி பேரைச் சொல்ல மாட்டேன். ஊர் பேரும் வேண்டாம். நான் பயந்தவன் இல்ல தம்பி, முன்யோசனைக்காரன். அவ்வளவுதான்.

அவளை அரசியலுக்குக் கொண்டு வந்தது யாருன்னு நினைக்கறீங்க? பேப்பர்ல என்னென்னமோ எழுதறாங்க. நான்தான். மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தேன், கட்சியில வட்டச் செயலாளர். போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, மாநாட்டுக்கு லாரி புடிச்சு ஆள் ஏத்தி, கவுன்சிலர் சீட்டு இந்தத் தடவை எனக்குத்தான்னு பேச்சு. அந்த நேரம் பார்த்து எங்க வார்டைப் பெண்கள் வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க. மாவட்டச் செயலாளர் கூப்பிட்டு, "வீட்டம்மாவை நிறுத்துய்யா. பேரு அவங்களுது, வேலை உன்னுது"ன்னாரு.

அவ அப்ப வீட்டுல ஜாக்கெட் தைச்சுக்கிட்டிருந்தா. சுத்துப்பட்ட தெருவுல அவகிட்ட அளவு குடுக்காத பொம்பளை கிடையாது. நோட்டீஸ்ல அவ போட்டோ இத்தனூண்டு, என் போட்டோ இவ்வளவு பெரிசு. ஜெயிச்சது என் போட்டோவாலன்னு இன்னைக்கும் சொல்லுவேன். மாமன்றக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பார்வையாளர் பெஞ்சில உட்காருவேன். எங்களுக்குள்ள ஏற்பாடு என்னன்னா, நான் ஒரு தடவை இருமினா கையைத் தூக்கணும், ரெண்டு தடவை இருமினா தூக்கக் கூடாது. முதல் கூட்டத்துல சரியாப் பண்ணினா. ரெண்டாவது கூட்டத்துல எங்க வார்டுச் சாக்கடையைப் பத்தி எந்திரிச்சுப் பேச ஆரம்பிச்சுட்டா. நான் இருமறேன், இருமறேன், தொண்டை வறண்டு போச்சு. பக்கத்துல இருந்தவர் பாவப்பட்டுத் தண்ணி குடுத்தாரு. அவ திரும்பியே பார்க்கல. வீட்டுக்கு வந்து, "இருமல் ஜாஸ்தியா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க"ங்கறா.

சாக்கடையைப் பேசினா என்ன பயம்னு கேப்பீங்க. அந்தச் சாக்கடை போய்ச் சேர்ற இடம்தான் பயம். ஊருக்குள்ள ஒரு ஓடை இருக்கு, மழைத்தண்ணி அது வழியாத்தான் ஆத்துக்குப் போகணும். அந்த ஓடையைப் பாதிக்கு மேல மறிச்சு ஒரு கல்யாண மண்டபம். தவசியோட மண்டபம். தவசின்னா... எங்க ஊர்க்காரங்களா இருந்தா நீங்க இந்நேரம் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருப்பீங்க. அவரை எதிர்த்துப் பேசின ஒரு கவுன்சிலரை டீக்கடை பெஞ்சில வெச்சே வெட்டினாங்க. விழுந்தப்பகூட டீ கிளாஸைக் கையை விட்டு விடல அந்த மனுஷன். டீ கூடச் சிந்தல. சாட்சி சொல்ல ஒருத்தரும் வரல. நான் அந்தப் பக்கமே போகலை அன்னைக்கு. கேள்விப்பட்டதுதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை. விடியும்போது ஓடைத்தண்ணி போக வழியில்லாம திரும்பி, பள்ளத்துக் காலனிக்குள்ள ஏறிடுச்சு. நான் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, "பூரணம், வந்துடு, பாம்பு வரும்"னு கத்தறேன். அவ இடுப்பளவு தண்ணியில நிக்கறா. பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவ. வளைகாப்புக்குப் பூரணம்தான் ஜாக்கெட் தைச்சுக் குடுத்தா. அந்தப் பொண்ணைத் தண்ணியிலேருந்து தூக்கினப்ப அதே ஜாக்கெட்டுதான் போட்டிருந்துச்சு. வயித்துல புள்ளையோட. பூரணம்தான் தலையைப் புடிச்சுத் தூக்கினா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவ அழலை. ஈரச் சேலையோட உட்கார்ந்து, "கைக்குழி கொஞ்சம் இறுக்கமா வெச்சுட்டேன். தளர்த்திக் குடுங்கக்கான்னு கேட்டுச்சு. அடுத்த வாரம் வான்னு சொன்னேன்"னா. அவ்வளவுதான் பேசினா. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. இவ சும்மா இருக்க மாட்டான்னு.

அடுத்த தேர்தல்ல மேயர் பதவியே பெண்களுக்குன்னு ஆயிடுச்சு. கட்சியில ரெண்டு கோஷ்டி. ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுப் பொம்பளையை நிறுத்தணும்னு மல்லுக்கு நின்னு, கடைசியில யாருக்கும் இல்லாம பொதுவா ஒருத்தர்னு பார்த்தப்ப, இவ பேரு வந்துச்சு. வாயில்லாப் பூச்சி, வீட்டுக்காரன் சொல்றதைக் கேப்பான்னு மாவட்டச் செயலாளர் தலைமைக்குச் சொல்லிட்டாரு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். மேயர் அங்கியைப் போட்டுக்கிட்டு அவ வந்து நின்னப்ப எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு அந்தச் சிவப்பு அங்கியைப் பார்க்கவே என்னவோ போல இருந்துச்சு. தூரத்துலேருந்தே ஆளைக் காட்டிக் குடுக்குமே.

தவசி வீட்டுக்கு வந்தாரு. பட்டப்பகல். வெள்ளை வேட்டி, விபூதி, கையில ஒரு டப்பா அல்வா. சத்தமே போட மாட்டாரு தம்பி. கோயில்ல பேசற மாதிரி பேசுவாரு.

"என்ன மாசிலாமணி, மேயர் வீடு இவ்வளவு சின்னதா இருக்கு?"ன்னு உட்கார்ந்தாரு. "அக்கா ஓடையை அளக்கச் சொல்லியிருக்காங்களாமே?"

"அதெல்லாம் ஆபீஸ் நடைமுறைங்க. நான் பேசிக்கறேன்"னேன்.

"பேசு. நீ பேசினா கேப்பாங்க. ஆமா, உன் பொண்ணு நல்லாப் படிக்குதாமே. சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு ஓடைப்பாலத்து வழியாத்தானே சைக்கிள்ல வருது? லைட்டே இல்லாத ரோடுய்யா அது. பொம்பளைப் புள்ள. கார்ப்பரேஷன்ல சொல்லி ஒரு லைட்டு போடச் சொல்லு."

போயிட்டாரு. அல்வா டப்பா மேசையில இருக்கு. எனக்குத் தொடவும் பயம், தூக்கி எறியவும் பயம். பூரணம் வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாம சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. "லைட்டுன்னாரா?"ன்னு மட்டும் கேட்டா. மறுநாள் அந்தப் பாலத்து ரோட்டுல வரிசையா லைட்டு போட்டாச்சு. பொண்ணு தேன்மொழியை அந்த வாரமே தன் அக்கா வீட்டுக்கு, வெளியூருக்கு அனுப்பிட்டா. அதுக்கப்புறம் மண்டபத்துக்கு நோட்டீஸ் குடுத்துட்டா.

நான் கெஞ்சினேன். "ஒரு வருஷம் போகட்டும், பதவி முடியற நேரத்துல பண்ணு"ன்னேன். "மறுபடி ஐப்பசி வரும்ங்க"ன்னா. கோர்ட்டுக்குப் போனாங்க, அங்கயும் இவளுக்குத்தான் சாதகம். இடிக்க நாள் குறிச்சாச்சு. எனக்குச் சோறு எறங்கல. வாசல்ல மோட்டார் சைக்கிள் நின்னா பின்வாசல் பக்கம் போயிடுவேன். கடையைத் திறக்கலை. வீட்டுல எந்த ஜன்னலுக்கு நேரா உட்காரக் கூடாதுன்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு.

இடிக்கற அன்னைக்குக் காலையில ஒரு யோசனை பண்ணினேன். நல்ல யோசனைதான். மேயர் கார் டிரைவர் டீ குடிக்க உட்கார்ந்தப்ப சாவியை மேசையில வெச்சாரு. எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். கார் இல்லைன்னா எப்படிப் போவா? தேடறாங்க, தேடறாங்க. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். போலீஸ் ஜீப்பு தெருமுனையில மேயர் காருக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. இவ கொஞ்ச நேரம் பார்த்தா. என்னை ஒரு தடவை பார்த்தா. அப்புறம் பின்பக்கச் சந்து வழியா நடந்துட்டா. அங்க குப்பை லாரி நின்னுருக்கு, துப்புரவுப் பொம்பளைங்க குப்பை அள்ளிக்கிட்டிருந்திருக்காங்க. அதுல ஏறிப் போயிட்டா!

அந்தப் போட்டோ நீங்க பார்த்திருப்பீங்களே? எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சே. குப்பை லாரி மேல மேயர், ரெண்டு பக்கமும் துப்புரவுத் தொழிலாளிங்க கையைப் புடிச்சிருக்காங்க. "எளிமையின் சின்னம்"னு போட்டான், "மக்களின் மேயர்"னு போட்டான். மேடைக்கு மேடை அதைப் பேசித்தான் எம்.எல்.ஏ. ஆனா, மந்திரி ஆனா. யோசிச்சுப் பாருங்க, நான் சாவியை எடுக்கலைன்னா அந்தப் போட்டோ ஏது? இதை நான் வெளியில சொல்லிக்கிட்டதில்ல. பேரு வாங்கற பழக்கம் எனக்கில்ல.

போலீஸா? அவங்க இந்தப் பக்கம் காருக்காக நின்னுக்கிட்டே இருந்தாங்க. லாரி அந்தப் பக்கமா போய்ச் சேர்ந்தப்ப அங்க நாலஞ்சு காவலருங்கதான். கூட்டத்துலேருந்து கல்லு வந்துச்சு. திறந்த லாரி, மேல நிக்கறா, சிவப்புச் சேலை வேற. புருவத்துக்குக் கீழ பட்டுச்சு. ரத்தத்தோட அங்கயே நின்னு, மண்டபத்துச் சுவர் விழற வரைக்கும் எறங்கலையாம். கூட இருந்தவங்கதான் சொன்னாங்க. நான் எங்க இருந்தேனா? வீட்டுலதான். யாராவது ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்கணும்ல. பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து விட்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

குழாய்ல தண்ணி நின்னு போனப்புறம் வெளியில வந்தேன். அவ கூடத்துல உட்கார்ந்திருக்கா, கண்ணுல கட்டு. "சோறு இருக்கா?"ன்னு கேட்டா. போட்டேன். சாப்பிட்டா. சாவியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை தம்பி. திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அவ கேக்காததுதான் எனக்கு எப்பவும் பயம். சில நாள் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பா பாருங்க, இப்பக் கேக்கப் போறா, இப்பக் கேக்கப் போறான்னு இருக்கும். "ரசம் ஊத்துங்க"ம்பா.

சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு, இல்ல? உங்க அம்மாவுக்கு இவ்வளவு நேரம் ஆச்சா?

அப்புறம் எம்.எல்.ஏ., மந்திரி. அப்பல்லாம் ஒரு நாள்கூட நான் நிம்மதியாத் தூங்கினதில்ல. மேடை சரியும்னு பயம், ஹெலிகாப்டர் விழும்னு பயம், மாலைக்குள்ள எதையாவது வெச்சிருப்பானோன்னு பயம். தவசி? அவரு ஜெயிலுக்குப் போய் வந்து, நோயில விழுந்து, அடங்கிட்டாரு. ஆனா அவரு இடத்துக்கு ஆளா இல்ல? இவ மந்திரியாகியும் அதே மாதிரிதான். மணல் அள்ளாதேங்கறது, ஏரிக்குள்ள பிளாட் போடாதேங்கறது. கட்சிக்கே இவ தொல்லையாப் போயிட்டா. வெளியில தள்ளினா ஜனங்க கேப்பாங்க. அப்பத்தான் கூட்டணியில பேசி, கவர்னர் பதவி குடுத்து ரொம்ப தூரத்துல ஒரு மலை மாநிலத்துக்கு அனுப்பிட்டாங்க. அவளுக்கு முகமே சரியில்ல. "என்னை மூட்டை கட்டிட்டாங்க"ன்னா. எனக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். கவர்னருக்கு என்ன வேலை? கொடி ஏத்தலாம், தேநீர் விருந்து குடுக்கலாம். சுத்தி ராணுவம். ஒரு கல்லு வருமா? ஒரு தவசி வருவானா?

முதல் நாள் காலையில காவல்காரன் பூட்ஸை ஒரு அடி அடிச்சு எனக்கு சல்யூட் வெச்சான். கையில இருந்த காப்பி கப்பைக் கீழ போட்டுட்டேன். அதிலிருந்து அவன் என்னைப் பார்த்தா மெதுவா அடிப்பான், நல்ல பையன். பெரிய மாளிகை. சாப்பாட்டு மேசையில அவ அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. நடுவுல ஆளுங்க நிப்பாங்க. அவளைப் "பூரணம்"னு கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. "மேடம்"னு சொல்றது முறைன்னு ஒரு அதிகாரி பக்குவமாச் சொன்னாரு. நானும் சொல்லிப் பார்த்தேன். அவ சிரிச்சுட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா.

தமிழ் பேச ஆள் இல்லாம நாக்கு செத்துப் போச்சு தம்பி. அப்ப ஒருத்தர் வந்தாரு. அந்த மாநிலத்து எதிர்க்கட்சித் தலைவருக்கு வேண்டியவர். சால்வை, ஒரு கூடை ஆரஞ்சு. சென்னையில காலேஜ் படிச்சவராம், அரைகுறைத் தமிழ் வரும். "சௌக்கியமா சார்"னாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தோட்டத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தோம். தேன்மொழி டாக்டரா இருக்கறது, மாப்பிள்ளை, பேத்தி யாழினி படிக்கற ஸ்கூலு, ஸ்கூல் பஸ் வர்ற முனை, எல்லாம் சொன்னேன். அவ்வளவு அன்பாக் கேட்டாரு.

கொஞ்ச நாள்ல அங்க ஆட்சியில குழப்பம். முதலமைச்சர் பக்கத்திலிருந்து எம்.எல்.ஏ.க்கள் சிலர் அந்தண்டை தாவிட்டாங்கன்னு பேச்சு. எதிர்க்கட்சித் தலைவர், "எங்களுக்குத்தான் பெரும்பான்மை, உடனே பதவிப் பிரமாணம் செஞ்சு வைங்க"ங்கறாரு. அவருக்கு மேலிடத்துல செல்வாக்கு. அப்ப அந்தச் சால்வைக்காரர் மறுபடி வந்தாரு. அதே சிரிப்பு, அதே ஆரஞ்சு.

"மேடம்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சார். நாளைக்கே நடந்துட்டா எல்லாருக்கும் நல்லது"ன்னாரு. எந்திரிக்கும்போது, "யாழினி பாப்பா ஸ்கூல் பஸ் அந்த முனையிலதானே நிக்கும்? டிராபிக் ஜாஸ்தியாமே அங்க"ன்னாரு.

தம்பி, குளிர் நாடு அது. எனக்கு சட்டையெல்லாம் வேர்த்துப் போச்சு. அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சுது பாருங்க! எங்கெங்க ஆள் வெச்சு விசாரிச்சிருப்பான்! மத்தியானச் சாப்பாட்டுல ஆளுங்களையெல்லாம் வெளியில போகச் சொல்லிட்டு, அந்தக் கோடிக்கு நடந்து போய், அவ பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். அவ கரண்டியைக் கீழ வெச்சா. உடனே தேன்மொழிக்குப் போன் போட்டா, பேத்தியை ஸ்கூலுக்கு அனுப்பாதேன்னா. போலீஸுக்குச் சொன்னா. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ஊருக்குப் போறீங்களா?"ன்னு கேட்டா. கோபமா இல்ல. சாதாரணமாக் கேட்டா. போகணும்னுதான் இருந்துச்சு. ஆனா தனியா ஏர்போர்ட் வரைக்கும் அந்த மலைப்பாதையில போகணுமே? அதனால இருந்துட்டேன்.

மேலேருந்து போன் வந்துச்சு. நான் பக்கத்து அறையில நின்னு கேட்டேன். அவ, "இல்லைங்க சார். யாருக்குப் பெரும்பான்மைங்கறதை என் வரவேற்பறையில எண்ண முடியாது. சட்டசபையில எண்ணட்டும்"னா. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ. "தெரியும்ங்க சார்"னு சொல்லி வெச்சுட்டா. நான் உடனே பெட்டியெல்லாம் எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டேன். மறுநாள் மாளிகை கேட்டுக்கு வெளியில கூட்டம். பாஷை புரியாத கோஷம். புரிஞ்சிருந்தாக்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. உருவ பொம்மை எரிக்கறாங்க, அதுக்கு அவ மாதிரியே கண்ணாடி போட்டு விட்டிருக்காங்க. புகை தோட்டத்துக்குள்ள வருது. நான் பெட்டிகளுக்கு நடுவுல கட்டிலோரமா உட்கார்ந்திருந்தேன். அவ உள்ள வந்து பெட்டிகளைப் பார்த்தா. "நல்லதாப் போச்சு, எப்படியும் போகணும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

சட்டசபை கூடுச்சு. தாவினதாச் சொன்னவங்கள்ல பாதிப் பேர் தாவவே இல்ல. முதலமைச்சர் ஜெயிச்சாரு. அடுத்த வாரமே டெல்லியிலேருந்து அறிவிப்பு வந்துடுச்சு, பொறுப்பிலிருந்து விடுவிக்கறோம்னு. கிளம்பற அன்னைக்கு அந்த பூட்ஸ் பையன் அவளுக்கு சல்யூட் வெச்சுட்டு நின்னவன், கையை எறக்கவே இல்ல. கார் வளைவுல திரும்பற வரைக்கும் பார்த்தேன்.

இப்ப ஊர்ல, எங்க பழைய வீட்டுல இருக்கோம். கட்சிக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கறதில்ல. போனும் இல்ல, பூட்ஸ் சத்தமும் இல்ல. ஆளுக்கு ஒரு நாற்காலி. இதுக்குத்தானே நான் ஆசைப்பட்டேன்? ஆனா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா எனக்கும் அவளுக்கும் நடுவுல யாரும் இல்ல. அது வேற மாதிரி பயமா இருந்துச்சு.

போன வாரம் டாக்டர் தேதி குடுத்தாரு. வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை மேசையில வெச்சுட்டு அவ உட்கார்ந்திருந்தா. நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பயப்பட ஒண்ணுமில்ல பூரணம், இப்பல்லாம் சாதாரணம்"னேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க"ன்னா.

நான் அவ முகத்தைப் பார்த்தேன். வெளையாட்டுக்குச் சொல்றாளோன்னு.

"உனக்கா?"ன்னேன்.

"எனக்கு எப்பவுமே பயம்தான். தவசி அல்வா குடுத்துட்டுப் போன அன்னைக்கு, தேன்மொழி வீடு வந்து சேர்ற வரைக்கும் பின்வாசல்ல நின்னேன். குப்பை லாரியில ஏறறேன், கால் ஏறலை. நடுங்குது. அந்தப் பொம்பளைங்கதான் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கி விட்டாங்க. அந்தப் போட்டோவுல நல்லாப் பாருங்க, நான் கையைக் குலுக்கலை. விழுந்துடாம புடிச்சுக்கிட்டிருக்கேன். மண்டபம் விழறப்ப பயத்துல எனக்குச் சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து உங்ககிட்டச் சொல்லி அழணும்னுதான் வந்தேன். நீங்க பாத்ரூம்ல இருந்தீங்க. குழாய்ச் சத்தம் கேட்டுச்சு. வெளியில உட்கார்ந்து காத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்தீங்க. உங்க முகத்தைப் பார்த்ததும், சரி, இதுக்கு மேல இவரு தாங்க மாட்டாருன்னு, சோறு இருக்கான்னு கேட்டேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டுல...

"ரெண்டு பேரும் பயந்தா தேன்மொழி என்ன பண்ணுவா? அதான் பயத்தை உங்களுக்கே விட்டுட்டேன். இப்பத்தான் பதவி இல்ல, ஒண்ணும் இல்லையே. இந்த ஒரு தடவை நான் பயந்துக்கறேன். நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க"ன்னா. சொல்லிட்டு அழுதா தம்பி. சின்னப் புள்ள மாதிரி, மேசையில தலையை வெச்சு அழுதா. நான் பக்கத்துல நின்னேன். முதுகைத் தடவிக் குடுக்கலாமான்னு யோசிச்சேன். கை போகவே இல்ல. அப்புறம் போச்சு.

இன்னைக்குக் காலையில உள்ள கூட்டிட்டுப் போறப்பக் கேட்டா, "வெளியில இருப்பீங்கல்ல? போயிட மாட்டீங்கல்ல?"ன்னு. தேன்மொழி வர்றேன்னு சொன்னதை அவதான் வேண்டாம்னுட்டா, அவரு இருக்காருன்னு சொல்லிட்டா. இருப்பேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே ஒழிய, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, கதவு மூடினதும் எந்திரிச்சுட்டேன். கீழ எறங்கிப் போய் பஸ் ஸ்டாப்ல நின்னுக்கலாம், முடிஞ்சதும் போலீஸ்காரர் வந்து சொல்லட்டும்னு தோணுச்சு. மாடிப்படி வரைக்கும் போனேன். நீங்க பார்த்திருப்பீங்க. திரும்பி வந்து உங்க பக்கத்துல உட்கார்ந்ததுதான். வாயை மூடினா எந்திரிச்சு ஓடிடுவேன், அதான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

லைட்டு அணைஞ்சுடுச்சு தம்பி. அணைஞ்சா என்ன சொன்னீங்க? நல்லதுதானே? யாரோ நர்ஸ் வருது. முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே. என்ன பேரு சொல்லுது? பூரணவல்லியா? பூரணவல்லி கூட வந்தவங்க யாருன்னுதானே கேக்குது?

நான்தாம்மா. நான்தான். இங்கதான் இருக்கேன்.